இரண்டு கை சுண்ணாம்பு

அக்டோபர் 9

இன்று முதல் இந்த நோட்டு கோழி எச்சத்துக்கு. போன வருடம் வெள்ளைக் கழிச்சல் வந்து பதினொரு நாளில் அறுபது கோழி குப்பைக்குழிக்குப் போயிற்று. கால்நடை டாக்டர் தமிழரசி அப்போது சொன்னாள்: "காலைல கோழி அடையற கம்புக்குக் கீழ என்ன விழுந்து கிடக்குதுன்னு பாத்திருந்தாலே ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருக்கும் ஐயா." சின்னப் பெண் எனக்குப் பாடம் சொல்கிறாளே என்று அன்று கோபம் வந்தது. ஆனால் சொன்னது சரி. முப்பத்தொரு வருடம் கிராம நிர்வாக அலுவலராக அடங்கல் எழுதிய கை இது. எந்த வயலில் என்ன விளைந்தது என்று எழுதினேன். இனி எந்தக் கோழி என்ன போட்டது என்று எழுதுவேன். தேதி, கம்பு, நிறம், ஈரம் என்று நான்கு கட்டம் போட்டாயிற்று.

கோழிக்கு இடம் மாறாத குணம் உண்டு. சாயங்காலம் அடைவதற்குக் கம்பில் ஏறினால் நேற்று உட்கார்ந்த இடத்தில்தான் உட்காரும். அதற்கு நேர் கீழே எச்சம் விழப் போட்டிருக்கும் தகரத்தில் கிடப்பதைப் பார்த்தால் எந்தக் கோழிக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாம். மனிதர் முகம் பொய் சொல்லும். எச்சம் சொல்லாது.

பார்ப்பதும் எழுதுவதும் நான். தகரத்தை இழுத்துச் சுரண்டிக் கூடையில் அள்ளிக் குழியில் கொட்டுவது பாவாயி. கல்யாணமான முப்பத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது.

அக்டோபர் 10

ஐந்து கம்பும் பழுப்பு நிறம், மேலே வெள்ளைத் தொப்பி, கெட்டி. உத்தமம். காலை உப்புமாவில் உப்பில்லை.

அக்டோபர் 13

கொட்டகையில் கம்புகளை நான் படிக்கட்டு மாதிரி கட்டியிருக்கிறேன். தரையோடு ஒன்று, அதற்கு மேல் ஒன்று, கூரைக்கு அருகில் ஐந்தாவது. சவுண்டல் மரம். இடம் மிச்சம். நூற்றுப் பன்னிரண்டு கோழியும் ஒரே சுவரோரம் அடங்கிவிடுகின்றன.

பாவாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஏனுங்க, எல்லாக் கம்பையும் ஒரே மட்டத்துல கட்டியிருந்தா மேல இருக்கறது கீழ இருக்கறது மேல பேலாதுங்களே."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "கோழிக்கே மேல கீழங்கறது தெரியுது, உனக்குத் தெரியல" என்றேன். கீழ்க் கம்பில் அடைவது மொட்டைவாலி என்கிற கோழி. மற்றக் கோழிகள் கொத்தி வாலை முடித்துவிட்டன. தினமும் காலையில் முதுகெல்லாம் எச்சத்தோடு எழுந்து வரும். பார்த்தால் சிரிப்பு வரும். பாவாயி அதைப் பிடித்து முந்தானையால் துடைக்கிறாள். அந்த முந்தானையோடுதான் சோறு போடுகிறாள், சொன்னால் உறைக்காது.

அக்டோபர் 18

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையின் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டச் சொன்னேன். வாடைக் காற்று கோழிக்கு ஆகாது. கட்டி முடித்ததும் உள்ளே நாற்றம் தாங்கவில்லை. எச்சம் காயவில்லை, தகரத்தில் குழம்பாக நிற்கிறது.

வழி கண்டுபிடித்துவிட்டேன். வேலையில் இருந்தபோது வெள்ளம் வந்தால் ஊரெல்லாம் சுண்ணாம்புத் தூள் தூவுவோம். அதுபோல, தினமும் காலையில் ஒவ்வொரு தகரத்துக்கும் இரண்டு கை சுண்ணாம்பு, அதன் மேல் உமி. சுரண்டுவது வாரத்துக்கு ஒருமுறை போதும். இரண்டு மூட்டை சுண்ணாம்பு வந்து இறங்கியது. டீக்கடையில் சொன்னேன். நாலு பேர் தாங்களும் செய்வதாகச் சொன்னார்கள்.

"கண்ணு எரியுதுங்க" என்றாள் பாவாயி.

"வெங்காயம் உரிச்சாலுந்தான் எரியுது. சமைக்காமயா இருக்கற?"

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரியாகக் கேட்டால் அவளிடம் பதில் இருக்காது.

அக்டோபர் 21

நான்காம் கம்பு, இடமிருந்து மூன்றாவது: பச்சை, இளகல். உடனே அந்தக் கோழியைப் பிரித்துக் கூடையால் மூடி, மஞ்சளும் மிளகும் அரைத்துக் கொடுத்தேன். பாவாயிக்கு இருமல்.

அக்டோபர் 24

பச்சைக் கழிச்சல் நின்றது. பழுப்பு, கெட்டி. மனதுக்கு நிம்மதி.

அரிசியில் கல். இரண்டு பிடிச் சோற்றுக்குள் மூன்று கல். கேட்டால் கண் மங்கலாம். பேசும்போதே தலையைச் சாய்த்துத் தோளில் கண்ணைத் தேய்க்கிறாள். வேலைக்கள்ளிக்குப் பிள்ளைமேல் சாக்கு என்பார்கள். எங்கள் ஒரே மகள் பூங்கோதை திருப்பூரில் இருக்கிறாள். சாக்குச் சொல்லப் பிள்ளை பக்கத்தில் இல்லாததால் கண்ணைப் பிடித்திருக்கிறாள்.

அக்டோபர் 27

மேல்கம்புக் கோழிகள் ஒன்பது கண்ணைத் திறக்கவில்லை. தலையைச் சாய்த்துச் சிறகில் தேய்க்கின்றன. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றுக்கும் நானே துடைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. டாக்டருக்குப் போன் செய்தேன்.

அக்டோபர் 28

தமிழரசி காலையிலேயே வந்துவிட்டாள். கொட்டகைக்குள் போனவள், போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"சுண்ணாம்பு போட்டீங்களா ஐயா?"

"தினமும்."

"ஈர எச்சத்துமேல சுண்ணாம்பு போட்டா ஆவி கிளம்புங்க. அதான் கண்ணை அரிக்குது. தார்ப்பாய வேற இறுக்கக் கட்டிட்டீங்க, ஆவி எங்க போகும்? முதல்ல சுண்ணாம்ப நிறுத்துங்க. பாயை மேல ஒரு முழம் தொறந்து விடுங்க. தினமும் சுரண்டுங்க. இப்படியே விட்டா கண்ணு வெந்துரும்." பிறகு கேட்டாள்: "உள்ள போய் வேலை பாக்கறது யாரு?"

"ஆளு இருக்குது" என்றேன்.

"அவங்கள ஒருக்கா கண்ணு டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க."

பாவாயி அப்போது வீட்டுப் பக்கம் எருமைக்குக் குழுதாடியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து எதுவும் கேட்டிருக்காது.

ஒன்பது கோழியையும் வீட்டு முன்கூடமான ஆசாரத்துக்குக் கொண்டுவந்து சாக்கு விரித்து விட்டேன். சுண்ணாம்பு விஷயத்தில் யோசித்தேன். ஊரெல்லாம் சொன்ன வைத்தியம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதைவிட, பாவாயி கேட்பாள். வாய் திறந்து கேட்கமாட்டாள், ஒரு பார்வை பார்ப்பாள். முப்பத்தெட்டு வருடமாக நான் சொல்லி அவள் கேட்டாள். இன்று நான் சொன்னது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, உள்ளதை எழுதிவிட்டேன். ஒன்றரை மூட்டை இன்னும் கிடக்கிறது. அது தீரும்வரை போடட்டும். ஆனால் கோழிகளுக்குப் பங்கம் வரக்கூடாது. ஆகவே இன்று முதல் உத்தரவு: காலையில் கோழிகள் எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டுத்தான் சுண்ணாம்பு தூவ வேண்டும்.

"சரிங்க" என்றாள். கொஞ்ச நேரம் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

அக்டோபர் 31

ஆசாரத்துக் கோழிகள் ஒன்பதும் கண் திறந்தன.

நவம்பர் 2

காலையில் கொட்டகையிலிருந்து பாவாயி ஒரே ஒரு சத்தம் போட்டாள். காற்றில் தார்ப்பாய் அடித்து, அவள் கையிலிருந்த சுண்ணாம்பு அவள் முகத்திலேயே விழுந்துவிட்டது. வலது கண் முழுக்க. காற்றடிக்கும்போது எந்தப் பக்கம் நின்று தூவுவது என்று கூடவா தெரியாது? செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். குளிர்ச்சி. காலையில் சரியாகிவிடும்.

பூங்கோதை போனில் கூப்பிட்டாள். அம்மா காட்டு வேலையில் இருக்கிறாள் என்றேன்.

நவம்பர் 3

இன்று கழிச்சல் தடுப்பு மருந்து போடும் நாள். தேதி தவறக்கூடாது. மருந்து ஐஸ் டப்பாவில் வந்தது, கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கோழிக்கும் கண்ணில் ஒரு சொட்டு. விட்டதும் கோழியை விட்டுவிடக்கூடாது. அது கண்ணைச் சிமிட்டி மருந்து உள்ளே இறங்கும்வரை பிடித்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

பாவாயி வலது கண்ணை முந்தானைக் கிழிசலால் கட்டிக்கொண்டு கோழிகளைப் பிடித்துக் கொடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூட விடுபடவில்லை. நடுவில் ஒருமுறை, "முடிஞ்சதும் ஆசுபத்திரிக்குப் போலாமுங்களா?" என்றாள். "மருந்து சூடாயிரும், பேசாத" என்றேன். முடிந்தபோது பஸ் போய்விட்டது.

முதல் மூன்று கம்பு: பழுப்பு, கெட்டி.

நவம்பர் 6

பூங்கோதை சொல்லாமல் வந்து நின்றாள். அம்மாவின் கண் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். காரை வரவழைத்து ஏற்றினாள். நானும் போனேன்.

கண் டாக்டர் வலது கண் போய்விட்டது என்றார். இடது கண்ணும் ஆவி பட்டு வெந்திருக்கிறது, நிழல்தான் தெரியுமாம். "எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார். "நேத்து" என்றேன். பாவாயி குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

பூங்கோதை தன்னோடு வந்துவிடச் சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் அழுதாள். பாவாயி, "அவரை ஆரு பாப்பாங்க? நான் ஊட்டுக்கே போறன் கண்ணு" என்றாள். என்ன இருந்தாலும் பழைய காலத்துப் பொம்பளை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நவம்பர் 12

சும்மா உட்காரவைத்தால் மூலையில் முடங்கிவிடுவாள். தகரம் சுரண்ட வைத்திருக்கிறேன், தடவித் தடவிச் செய்கிறாள். நடிப்பா நிஜமா என்று தெரிந்துகொள்ள நடைபாதையில் ஒரு முட்டையை வைத்தேன். மிதித்தாள். குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். "முட்டைங்களா?" என்றாள். நடிப்பில்லை போலிருக்கிறது. ஆனால் முட்டை போயிற்று.

நவம்பர் 19

சுரண்டியது போதவில்லை. ஓரமெல்லாம் குழம்பு வழிந்து தரையில் பாசி மாதிரி இருக்கிறது. சொன்னால், "எனக்குத் தெரியறதில்லைங்க" என்கிறாள். எல்லாவற்றுக்கும் இது ஒரு பதில் கிடைத்துவிட்டது.

டிசம்பர் 4

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், படுத்துக்கொண்டு. நவம்பர் 22 காலை எச்சம் பார்க்கப் போனவன் அந்தக் குழம்பில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு முறிந்தது. சட்டைப் பையிலிருந்த போன் குழம்பில் விழுந்து செத்தது. காட்டுக்குள் ஒற்றை வீடு, கத்தினால் எருமைதான் திரும்பிப் பார்க்கும். வெயில் ஏறும்வரை கத்தினேன். கோழிகள் என்மேல் ஏறி நடந்தன. பாவாயி வந்தபோது, "சத்தம் எந்தப் பக்கம்னு தெரியலீங்க" என்றாள்.

சர்க்கரையும் இதயமும் சரியில்லை, அறுவை செய்ய முடியாது என்றுவிட்டார்கள். மூன்று மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். பூங்கோதை ஆள் வைப்பதாகச் சொன்னாள். பாவாயி விடவில்லை. "எதுக்கு? நானே பாத்துக்கறன்." பூங்கோதை எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஊருக்குப் போனாள்.

தானியம் போடும் அறையில் கயிற்றுக் கட்டில். படுத்தபடியே போவதற்காக, பாவாயி கயிற்றைத் தடவிப் பார்த்து அரிவாளால் நடுவில் ஒரு ஓட்டை அறுத்தாள். கீழே கொட்டகைத் தகரம் ஒன்றைப் போட்டாள். நானும் கம்பில் ஏறிவிட்டேன் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 7

சோறு நேரத்துக்கு வருகிறது. ரசம் நன்றாக இருந்தது. கல் இல்லை. தகரத்தை எடுக்கச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமை எடுக்கறனுங்க."

"இன்னிக்கு சனிதான. நாத்தம் அடிக்குது."

"வாரத்துக்கு ஒருக்கா சுரண்டுனாப் போதும்னு நீங்கதானுங்க சொன்னீங்க." ஒரு முறம் உமியைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே கொட்டினாள். பாதி என் காலில் விழுந்தது. தெரியவில்லையாம்.

டிசம்பர் 8

ஞாயிறு. எடுக்கவில்லை. கேட்டேன். மறந்துவிட்டதாம்.

அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன போனில் பூங்கோதை கூப்பிட்டது கதவுக்கு வெளியே கேட்டது. "நல்லா இருக்கறாரு கண்ணு. நல்லாச் சாப்படறாரு" என்றாள் பாவாயி. நான் கூப்பிட்டேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

டிசம்பர் 11

அடங்கல் எழுதியவன் உள்ளதை எழுத வேண்டும். இன்று அழுதேன். முதுகில் புண் வைத்திருக்கிறது. திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னால், கை பட்டால் எலும்பு நகர்ந்துவிடும், கண் தெரியாதவள் எப்படித் தொடுவது என்கிறாள். சொல்லும்போது குரலில் ஒரு பிசிறு இல்லை. அவள் குரல் எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்று யோசிக்கிறேன். கவனித்ததில்லை.

டிசம்பர் 13

கொட்டகையில் நாளெல்லாம் சுத்தியல் சத்தம். கேட்டால், படிக்கட்டைப் பிரித்துக் கம்புகளை ஒரே மட்டத்தில் கட்டிவிட்டாளாம், தடவித் தடவி. தார்ப்பாயையும் அவிழ்த்துவிட்டாள். "எச்சம் ஒரே நாள்ல காஞ்சு போச்சுங்க. மொட்டைவாலி முதுகு சுத்தமா இருக்குது, தொட்டுப் பாத்தேன்."

அவிழ்த்த தார்ப்பாயை என் அறை சன்னலுக்குக் கட்டினாள். கதவிடுக்கில் சாக்கு வைத்தாள். எதற்கு என்றேன். "வாடைக் காத்து ஆகாதுங்களே."

மொட்டைவாலி அவள் பின்னாலேயே உள்ளே வந்து என் கட்டில் சட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த அறைக்கு வருகிற ஒரே உயிர்.

டிசம்பர் 15

இன்றும் ஞாயிறு. தகரம் அப்படியே இருக்கிறது. மூச்சு விட முடியவில்லை. கெஞ்சினேன். பெயர் சொல்லிக் கெஞ்சினேன். "பாவாயி, நான் செஞ்சது தப்புத்தான். காத்துல பாய் அடிக்கும்னு எனக்குத் தெரியுமா? சுண்ணாம்பு கண்ணக் கெடுக்கும்னு எனக்குத்தான் ஆரு சொன்னாங்க?"

கட்டில் காலைப் பிடித்தபடி நின்றாள். அந்த வெள்ளைக் கண் எனக்கு நேராக இருந்தது.

"டாக்டரம்மா சொன்னாங்க. நான் குளுதாடிகிட்ட நின்னுட்டு இருந்தேன். காத்து எம்பக்கமா அடிச்சுதுங்க, ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. நீங்க வந்து எங்கிட்டச் சொல்லுவீங்கன்னு நின்னு பாத்தேன். கோழிய வெளிய உட்டுட்டுத் தூவுன்னீங்க."

"தெரிஞ்சுமா தூவுன?"

"நீங்க சொன்னீங்களே."

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வாசற்படியில் தடுக்கவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு முட்டை இருந்தால் வைத்துப் பார்க்கலாம்.

டிசம்பர் 16

காலையில் சோற்றுக்கு முன்னால் வந்தாள். இடுப்பில் கூடை.

"நாத்தம் அடிக்குதுன்னீங்களே. மூட்டைல இன்னுங் கொஞ்சம் கெடக்குது. வீணாப் போகக் கூடாதுங்க."

வேண்டாம் என்றேன். கத்தினேன். அவள் என் பக்கம் வரவே இல்லை, முதலில் கட்டில் சட்டத்தைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மொட்டைவாலி அகப்பட்டது. இரண்டு கையாலும் அணைத்து எடுத்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெளியே விட்டாள். அது போய்விட்டதா என்று நின்று காது கொடுத்துக் கேட்டாள். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தி, சாக்கை மிதித்து அடைத்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து தூவினாள். இரண்டு கை. அளவு தவறவில்லை. போகும்போது வெளியே தாழ் போடும் சத்தம் கேட்டது.

கோடு கோணலாகப் போகிறது. கட்டம் எங்கே என்று தெரியவில்லை, குத்துமதிப்பாக எழுதுகிறேன். தோளில் தேய்த்தால் கொஞ்சம் பரவாயில்லை.

கம்பு: என்னுடையது. நிறம்: தெரியவில்லை. ஈரம்: இருக்கிறது.